அம்மா போனுக்கு வருகிற மெசேஜுக்கெல்லாம் 20 சென்ட் பிடிக்கிறார்கள், நிறுத்த வழி உண்டா?

எடிசன்வாசி (நியூஜெர்சி), ஜூலை 2009

வணக்கம். மே மாதம் ஊரிலிருந்து அம்மா வந்தார். எங்கள் ஃபேமிலி பிளானில் மாதம் 10 டாலருக்கு மூன்றாவது லைன் சேர்த்து, ஒரு ஃபிளிப் போன் வாங்கிக் கொடுத்தேன். அம்மா யாருக்கு மெசேஜ் அனுப்பப் போகிறார் என்று மெசேஜ் பேக் போடவில்லை.

ஜூன் பில்லில் அந்த லைனில் மட்டும் 37 மெசேஜ். ஒன்றுக்கு 20 சென்ட் வீதம் 7.40 டாலர். எல்லாமே வந்தவை, போனது ஒன்றுகூட இல்லை. அதற்குக் கீழே ‘பிரீமியம்’ (காசு வாங்கும் மெசேஜ் சேவை) என்று தனியாக ஒரு 9.99 டாலர். மெசேஜ்களைத் திறந்து பார்த்தால், பாதி ‘ஜேசன், இன்று உன் காதல் ராசி’ என்று தொடங்குகிறது. மீதி வீட்டுக்கடனும் மாத்திரை விளம்பரமும். ஜேசன் யாரென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கஸ்டமர் கேரில் கேட்டால், மாதம் 30 டாலருக்கு ஃபேமிலி அன்லிமிடெட் மெசேஜ் பேக் போட்டுக்கொள்ளுங்கள், பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். 7 டாலர் தண்டத்துக்கு 30 டாலர் மருந்து! அம்மாவோ திறந்து பார்த்தால்தானே காசு என்று இப்போது எந்த மெசேஜையும் தொடுவதே இல்லை. அது பலிக்குமா? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

டாலஸ்_தம்பி

பலிக்காது அண்ணா. மெசேஜ் போனுக்கு வந்து சேர்ந்தாலே கணக்கு ஏறிவிடும். திறந்தாலும் சரி, படிக்காமல் அழித்தாலும் சரி. போனை அணைத்து வைத்தாலும் மெசேஜ் அவர்கள் சர்வரில் காத்திருந்து, போட்டதும் வந்து இறங்கும்.

30 டாலர் பேக் வேண்டவே வேண்டாம். ‘இந்த லைனில் டெக்ஸ்ட் மெசேஜை முழுசாக பிளாக் செய்யுங்கள், பிரீமியத்தையும் பிளாக் செய்யுங்கள்’ என்று சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்றதைச் செய்ய மாட்டார்கள். இதற்குக் காசு கிடையாது. குழந்தைகள் போனைக் கட்டுப்படுத்துகிற சேவை ஒன்றை மாதம் 5 டாலருக்கு விற்கப் பார்த்தால் அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சென்னைச்செல்வி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வருகிற மெசேஜுக்குக் காசா?! இது பிச்சைக்கு வந்தவனுக்கு பஸ் காசும் கொடுக்கிற மாதிரி இருக்கிறதே. அமெரிக்காவிலா இப்படி?

சியாட்டில்_மாமா

நம் ஊரிலும் 2003 மே வரை இன்கமிங் காலுக்குக் காசு வாங்கினார்கள் அம்மா, மறந்துவிட்டீர்கள். கூப்பிடுகிறவரே கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்த பிறகுதான் இலவசமானது. இங்கே செல்போனுக்கென்று தனி எண் வரிசை கிடையாது, லேண்ட்லைனின் அதே ஏரியா கோடுதான். கூப்பிடுகிறவருக்கு அது செல்போன் என்றே தெரியாது. அதனால் போனை எடுக்கிறவர் தலையில் கட்டினார்கள், மெசேஜும் அதே வழியில் போய்விட்டது. ஆனால் போன் காலை எடுக்காமல் விடலாம். மெசேஜை வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லையே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

2005இல் இது 10 சென்ட். நான்கு பெரிய கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக 20க்கு ஏற்றின. எல்லோரும் ஒரே விலைக்கு எப்படி வந்தீர்கள் என்று விஸ்கான்சின் செனட்டர் ஹெர்ப் கோல் போன செப்டம்பரில் நான்கு பேருக்கும் கடிதம் எழுதினார். போன மாதம் செனட் விசாரணையே நடந்தது. ஒரு மெசேஜுக்கு ஆகும் செலவு 0.3 சென்ட்டைத் தாண்டாது என்று வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்ரீநிவாசன் கேசவ் அங்கே சாட்சி சொன்னார். 160 எழுத்து, போனும் டவரும் எப்படியும் பேசிக்கொண்டிருக்கிற கன்ட்ரோல் சேனலில் போகிறது. அதற்கு 20 சென்ட்.

பேஏரியா_பாலு

ஒரேயடியாக எல்லாவற்றையும் பிளாக் செய்வதற்கு முன்னால் பில்லில் ‘யாரிடமிருந்து’ என்கிற பத்தியைப் பாருங்கள் நண்பரே. அங்கே 10 இலக்க எண்ணுக்குப் பதிலாக மின்னஞ்சல் முகவரியோ ஏதோ பொருந்தாத எண்ணோ இருந்தால், அது கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. இங்கே ஒவ்வொரு செல் எண்ணுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. வெரைசான் கம்பெனி என்றால் எண்ணுக்குப் பின்னால் விடெக்ஸ்ட் டாட் காம். ஸ்பாம் அனுப்புகிறவனுக்கு எண்களை வரிசையாக ஓட்டினால் போதும், அவனுக்கு ஒரு பைசா செலவில்லை. கடன், மாத்திரை எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. கம்பெனி வெப்சைட்டில் அம்மா எண்ணுக்குக் கணக்குத் திறந்து, இணையத்திலிருந்து வரும் மெசேஜை மட்டும் நிறுத்தலாம். இவற்றுக்குப் பதில் அனுப்பாதீர்கள், எண் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்வான்.

5 அல்லது 6 இலக்க எண்ணிலிருந்து வந்தால் அது ஷார்ட் கோடு, அதாவது மெசேஜ் சேவை நடத்துகிற கம்பெனிகளின் குறு எண். ஜேசன் ராசிபலன் அதுதான், 9.99ம் அதுதான். கம்பெனிகள் பழைய எண்களைக் கொஞ்ச நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அம்மா எண் ஜேசனுடையதாக இருந்திருக்கும். அவன் போனான், சந்தா போகவில்லை. அந்த ஷார்ட் கோடுக்கு ஸ்டாப் என்று ஆங்கிலத்தில் அனுப்பினால் நிற்கும். அந்த ஸ்டாப்புக்கும் 20 சென்ட் பிடிப்பார்கள், அதையும் திருப்பிக் கேளுங்கள்.

சியாட்டில்_மாமா

9.99ஐத் திருப்பித் தர இழுத்தடித்தால் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியில் புகார் போடுங்கள், 1-888-225-5322. கம்பெனிக்கு அனுப்புவார்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பல சமயம் ‘எஃப்சிசிக்கு எழுதப் போகிறேன்’ என்று சொன்னாலே சூப்பர்வைசர் லைனுக்கு வந்துவிடுவார்.

இன்னொன்று. ஏழு வயதுப் பையனின் போனுக்கு நள்ளிரவில் வந்த விளம்பர மெசேஜுக்காக அவன் அம்மா போட்ட வழக்கில், போனில் வரும் விளம்பரத் தொல்லைக்கு எதிரான 1991ஆம் வருடச் சட்டப்படி மெசேஜும் ‘கால்’தான் என்று போன மாதம் ஒன்பதாவது வட்டார அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தில் ஒரு மீறலுக்கு 500 டாலர். நாம் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை, போனில் பேசும்போது வாயில் இருக்கட்டும்.

எடிசன்வாசி

எல்லோருக்கும் நன்றி. பாலு சொன்னது அப்படியே சரி. பில்லில் 22 மெசேஜ் ஒரே ஷார்ட் கோடிலிருந்து, மீதி 15ம் மின்னஞ்சல்.

கூப்பிட்டேன். முதலில் வந்த பெண் மறுபடியும் 30 டாலர் பேக்கையே படித்தார். எஃப்சிசி என்றதும் சூப்பர்வைசர். 9.99ஐ முழுசாகத் திருப்பிவிட்டார். 7.40க்கு மட்டும், ‘இந்த ஒரு முறை உங்களுக்காக’ என்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கிரெடிட் போட்டார். பிரீமியத்துக்கும் டெக்ஸ்டுக்கும் இரண்டு பிளாக்கும் போட்டாயிற்று. எண்ணையும் மாற்றித் தருகிறேன் என்றார், அம்மா வேண்டாம் என்கிறார். ஊரில் எல்லோருக்கும் இந்த எண்ணைக் கொடுத்துவிட்டாராம்.

டாலஸ்_தம்பி

கூப்பிட்டதற்கு ரெஃபரன்ஸ் எண் வாங்கினீர்களா அண்ணா? சில சமயம் பிளான் மாற்றினால் பிளாக் தானாகக் கழன்றுவிடும். அப்புறம், வாய்ஸ்மெயில் வந்திருக்கிறது என்கிற அறிவிப்பு பிளாக்கையும் மீறி வரும். அதற்குக் காசில்லை, அம்மாவைப் பயப்படாமல் திறக்கச் சொல்லுங்கள்.

எடிசன்வாசி

வாங்கிவிட்டேன் தம்பி, பில் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பில் 28ஆம் தேதி வரும். வந்ததும் அம்மா லைனைப் பார்த்துவிட்டு இங்கே போடுகிறேன்.