நாகமலை புதுக்கோட்டையில் ஆறு பேர் தங்கும் மாடி வீடு: எந்த பிராட்பேண்ட் போடலாம்?

தகர அறைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை பக்கம் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வீட்டின் முதல் மாடியை ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். மாடியில் ஹால், இரண்டு அறை, அடுப்படி. அதற்கும் மேலே மொட்டை மாடியில் தகரம் போட்ட ஒற்றை அறை. நான் அங்கேதான் இருக்கிறேன், வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பதால்.

இதுவரை அவரவர் போன் டேட்டாவில் ஓட்டினோம். அது சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் ஹாட்ஸ்பாட் கேட்பவன் ஒருவன், கொடுத்துவிட்டுக் கணக்குப் பார்ப்பவன் ஒருவன் என்று தினமும் பஞ்சாயத்து. அதனால் ஒரு லைன் போட்டுவிடலாம் என்று முடிவு.

தேவைகளைச் சொல்லிவிடுகிறேன். நான் காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், பாடம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தேனிக்காரன் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறான், ராத்திரி நேரலை வகுப்பு. ஒருவன் விஸ்காம், அவன் வீடியோ எடிட் செய்து ஏற்ற ஆரம்பித்தால் முடிவே இருக்காது. ஒருவன் கேம், பிங் (சர்வருக்குச் செய்தி போய் வர ஆகும் நேரம்) பிங் என்று உயிரை எடுப்பான். இன்னொருவன் ரீல்ஸ் மட்டும். ராமநாதபுரத்துக்காரன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் திங்கள் காலைதான் வருவான். அதனால் தனக்குப் பங்கைக் குறைக்க வேண்டும் என்று இப்போதே பேச்சு.

வீட்டுக்காரர் நிபந்தனை: சுவரில் துளை போடக்கூடாது, இணைப்பு அவர் பெயரில் இருக்கக்கூடாது. மே மாதம் நாங்கள் காலி செய்துவிடுவோம்.

விசாரித்தவரை, ஒரு நிறுவனத்தின் ஆள் ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்கிறார். இன்னொருவர் தெருவில் கேபிள் டிவி நடத்தும் அண்ணன், அவரே லைன் இழுத்துத் தருகிறேன் என்கிறார். மூன்றாவது, வயரே வேண்டாம், செல்போன் டவர் சிக்னலில் ஓடும் ஏர்ஃபைபர் மாட்டலாம் என்கிறார்கள். எதை எடுப்பது? எவ்வளவு வேகம் போதும்?

மாப்ள_625:

ஜியோ போடுங்க ப்ரோ. முடிஞ்சது. இதுக்கு ஏன் இவ்வளவு பெரிய கட்டுரை?

லைன்மேன் திருமங்கலம்:

தம்பி, மேலே சொன்னவர் போல ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் ஃபைபர் என்கிற கண்ணாடி இழை வயரை இழுத்து, ஸ்ப்ளைஸ் (இழை ஒட்டு) போடும் வேலையில் இருக்கிறேன். செக்கானூரணி, திருமங்கலம், உங்கள் நாகமலைப் பக்கம் எல்லாம் வேலை பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், நிறுவனத்தை விளம்பரத்தில் தேடாதீர்கள், உங்கள் தெருக் கம்பத்தில் தேடுங்கள்.

வாசலில் நின்று மேலே பாருங்கள். வீட்டைச் சுற்றி நான்கைந்து கம்பத்துக்குள் கறுப்புப் பெட்டி எதுவும் தொங்குகிறதா, அது யாருடையது? அப்புறம் பக்கத்து வீடுகளில் யார் யார் எந்த லைன் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். "வேகமாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக எப்போது அறுந்தது, சரிசெய்ய ஆள் எப்போது வந்தான்" என்று கேளுங்கள். ஃபைபர் அறுவது சகஜம். மின்வாரியத்தார் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கிளை வெட்டும்போது அறும். வைக்கோல் லாரி உயரமாக ஏற்றி வந்தால் அறும். தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டினால் அறும். அணில் கடிக்கும், அதுவும் உண்மை. அறுந்த அன்றே வருபவன் இருந்தால் அதுதான் நல்ல பிராட்பேண்ட். அந்த வகையில் கேபிள்கார அண்ணனைச் சும்மா ஒதுக்கிவிடாதீர்கள். பிஎஸ்என்எல், ரயில்வயர் போன்ற பெரிய பெயர்களின் ஃபைபரும் பல தெருக்களில் உள்ளூர் ஆள் கைவழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. அவர் எந்த நிறுவனத்தின் லைன் தருகிறார், ரசீது யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். ரசீது இல்லை என்றால் வேண்டாம்.

வேகம். ஆறு பேர் என்றதும் 300, 500 எம்பிபிஎஸ் என்று போக வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தாலும், எச்டி படம் ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ், நேரலை வகுப்புக்கு மூன்று நான்கு, கேமுக்கு ஒன்றுகூட வேண்டாம். கூட்டினால் 30ஐத் தாண்டுவதே கஷ்டம். ஆனால் 30, 40 திட்டம் எடுத்தால் ஒருவன் டவுன்லோட் போட்டதும் மற்றவன் படம் சுற்ற ஆரம்பிக்கும். 100 எடுங்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. 60 ஜிபி கேம் இறங்க ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை ராத்திரி படுக்கும்போது போடச் சொல்லுங்கள்.

விலை: ஜியோ 2020ல் அறிவித்த திட்டங்களில் மாதம் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ், 699க்கு 100, 999க்கு 150. ஏர்டெல் அதே வருடம் 499க்கு 40, 799க்கு 100, 999க்கு 200 என்று வைத்தது. இப்போதைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, போர்டில் எழுதியிருப்பதை நம்பி வசூல் செய்யாதீர்கள். 699 என்பது கையில் 825. ஆறு பேருக்குத் தலைக்கு 138 ரூபாய்.

"அன்லிமிடெட்" என்பதற்கும் வரம்பு உண்டு. இந்தத் திட்டங்களில் மாதம் 3.3 டிபி (ஒரு டிபி என்பது 1000 ஜிபி), அதாவது ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 ஜிபி. தீராது. ஏர்ஃபைபரில் பெரும்பாலும் 1 டிபிதான், ஆளுக்கு ஐந்தரை ஜிபி. எச்டியில் ஒரு மணி நேரப் படம் 3 ஜிபி வரை தின்னும், விஸ்காம் தம்பி வேறு ஏற்றிக்கொண்டே இருப்பார். ஃபைபர் வராத தெருவுக்கு ஏர்ஃபைபர் நல்லதுதான். கம்பத்தில் பெட்டி இருந்தால் வயரையே எடுங்கள். ஏர்ஃபைபருக்கு மொட்டை மாடியில் கிளாம்ப் போட்டு ஒரு பெட்டி மாட்ட வேண்டும், அதற்கு உங்கள் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ.

ஒரு கம்பத்துப் பெட்டியில் இருந்து வருவது உங்களுக்கு மட்டும் வரும் இழை அல்ல. இப்போது பரவலாக உள்ள ஜிபான் என்ற ஃபைபர் முறையில் 2.5 ஜிபிபிஎஸ் வரும் ஒரே இழையை 32 அல்லது 64 வீடாகப் பிரிப்பார்கள். ஒரே சாம்பார் வாளியில் மொத்தப் பந்திக்கும் பரிமாறுவது மாதிரிதான், ஆனால் எல்லா இலையும் ஒரே நேரத்தில் கேட்பதில்லை என்பதால் ஓடுகிறது. ராத்திரி மட்டும் மந்தம் என்று பக்கத்து வீட்டில் சொன்னால் காரணம் பெரும்பாலும் மேலே, நிறுவனம் எடுத்து வைத்திருக்கும் மொத்த அளவில் இருக்கும். அப்படிப்பட்ட லைனில் பெரிய திட்டம் எடுத்தாலும் பயன் இல்லை.

ஆள் வந்து மாட்டும்போது, இழையில் வரும் ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15இல் இருந்து மைனஸ் 22 டிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் இன்றைக்கு ஓடும், மழையில் நிற்கும். எங்கேயோ மடங்கியிருக்கிறது, இல்லை ஸ்ப்ளைஸ் சரியில்லை என்று அர்த்தம். அப்போதே மறுபடி போடச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு அவன் வரமாட்டான். நானும் அந்த வேலையில்தான் இருக்கிறேன், எனக்குத் தெரியும்.

துளை போடத் தேவையே இல்லை. பழைய டிஷ் டிவி கேபிள் போன ஓட்டை எல்லா வீட்டிலும் இருக்கும், அதிலேயே கொண்டு வரலாம். ஜன்னல் கதவிடுக்கில் மட்டும் விடாதீர்கள். கதவைச் சாத்தும்போது உள்ளே கண்ணாடி இழை நொறுங்கும்.

தல்லாகுளம் அக்கா:

லைன்மேன் அண்ணன் வயரைச் சொல்லிவிட்டார். நான் பெயரைச் சொல்கிறேன், ஏனென்றால் பகிர்ந்து தங்கும் வீட்டில் சண்டை அங்கேதான் வரும்.

நாங்கள் தல்லாகுளம் பக்கம் பெண்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருந்தோம். லைன் எங்களுக்கு முன்பு அந்த வீட்டில் இருந்த சீனியர் அக்கா பெயரில். அவர் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டார். நாங்கள் பணம் கட்டிக்கொண்டே இருந்தோம், எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் லைன் அறுந்து மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. புகார் பதிவு செய்ய ஓடிபி அவர் போனுக்குப் போகிறது. அவர் ஷிப்டில் இருக்கிறார், போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அந்த நிறுவனத்தில் பேசினால் "பதிவு செய்த எண்ணில் இருந்து அழையுங்கள்" என்று ஒரே பாட்டு. செமஸ்டர் தேர்வு வாரம் அது. கடைசியில் பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் போய் நோட்ஸ் பிரிண்ட் எடுத்தோம்.

அதனால் உங்களில் மே வரை நிச்சயமாக அந்த வீட்டிலேயே இருக்கப்போகிறவர் பெயரில் போடுங்கள். வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறவர் பெயரில் வேண்டாம். பெயர் கொடுப்பவருக்கும் ஒன்று சொல்லுங்கள்: அந்த லைனில் யார் என்ன செய்தாலும் முதலில் விசாரிப்பது அவரைத்தான். பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாராளம் வேண்டாம்.

ஆறு மாதப் பணம் மொத்தமாகக் கட்டுவது பற்றி. இப்போது கட்டி, முடிந்ததும் இன்னொரு ஆறு மாதம் கட்டினால் மே தாண்டிவிடும், அந்த மிச்சம் போனதுதான். முதல் தடவை ஆறு மாதம் கட்டி இன்ஸ்டலேஷனை இலவசமாக வாங்குங்கள். அதற்குப் பிறகு மாதாமாதம். இதை ஆளிடம் முதலிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சில நிறுவனங்களில் விடுமுறைக்கு லைனைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி உண்டு, அதையும் கேளுங்கள். காலி செய்யும்போது மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டெபாசிட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

புகார் செய்தால் டாக்கெட் எண் (புகார் எண்) இல்லாமல் போனை வைக்காதீர்கள். சரியாகவில்லை என்றால் அதே நிறுவனத்துக்குள் அப்பீல் அதாரிட்டி என்று ஒன்று உண்டு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி வைத்தே ஆக வேண்டும். அங்கே போக அந்த எண் வேண்டும்.

பங்கு: சமமாகவே பிரியுங்கள். 138 ரூபாய்க்கு நாள் கணக்குப் பார்த்தால் அப்புறம் கேஸ் சிலிண்டருக்கும் பார்க்கத் தோன்றும்.

வாடகை விடும் சித்தப்பா:

நான் திருப்பரங்குன்றம் பக்கம் இன்ஜினியரிங் பையன்களுக்கு வீடு விடுகிறவன். தம்பி, உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். ஒவ்வொரு பேட்சும் ஒரு கம்பெனி வயரை இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் வீட்டு முன்பக்கம் இப்போது மூன்று செத்த வயர் தொங்குகிறது. எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது, அறுக்கவும் பயம். துளை வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

போய்க் கேளுங்கள், "காலி செய்யும்போது வயரையும் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் போவோம்" என்று. பாதிக் கோபம் தீர்ந்துவிடும். இன்னொன்று, லைனை அவரையே போடச் சொல்லி வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். என் மாடியில் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். அடுத்த பேட்சுக்கும் அதுவே ஓடும். பெயர், ஓடிபி தொல்லை உங்களுக்கு இல்லை.

தல்லாகுளம் அக்கா:

சித்தப்பா சொல்வது நல்லவர்களுக்குச் சரி. வீட்டுக்காரர் பெயரில் லைன் இருந்தால், வாடகை இரண்டு நாள் தள்ளினால் வைஃபை நிற்கும். நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். அவரே தன் பெயர் வேண்டாம் என்கிறார், நல்லதாகப் போயிற்று.

தகர அறைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் தெருவில் மேலே பார்த்துக்கொண்டே நடந்தேன், டீக்கடையில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மூன்றாவது கம்பத்தில் கேபிள் அண்ணனுடைய பெட்டி, தெருமுனையில் பெரிய நிறுவனத்துப் பெட்டி. எதிர்வீட்டு அம்மா அண்ணனுடைய லைன்தான் வைத்திருக்கிறார். கிளை வெட்டியபோது அறுந்ததாம், அன்று ராத்திரியே ஆள் வந்தாராம். முனை வீட்டில் மற்றது. வேகத்தில் குறை இல்லை, ஆனால் ஒருமுறை அறுந்து ஞாயிறு, திங்கள் போய் செவ்வாய்தான் வந்தார்களாம். ரசீது நிறுவனத்தின் பெயரிலேயே வரும் என்று அண்ணன் பழைய பில்லைக் காட்டினார். 100 எம்பிபிஎஸ், தேனிக்காரன் பெயரில் எடுக்கிறோம். வயரைக் கழற்றித் தருகிறோம் என்றதும் வீட்டுக்காரர் டிஷ் கேபிள் ஓட்டையைத் தானே வந்து காட்டினார்.

மிச்சம் இரண்டு கேள்வி. ஹாலில் மோடம் வைத்தால் என் தகர அறைக்கு வருமா? கரண்ட் போனால்?

லைன்மேன் திருமங்கலம்:

தகர அறைக்கு நம்பும்படி வராது. நடுவில் கான்கிரீட் தளம், மேலே தகரம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தளத்தைச் சரியாகத் தாண்டாது, 2.4 ஏதோ எட்டிப்பார்க்கும். வைஃபையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்காதீர்கள், பெரும்பாலும் வரும் வேகத்தில் பாதியைத் தின்னும். ஹால் மோடத்தில் இருந்து ஒரு கேட்-5இ நெட்வொர்க் கேபிளை மாடிப்படி வழியாக மேலே கொண்டுபோய், யாரிடமாவது கிடக்கும் பழைய ரவுட்டரை அதில் மாட்டுங்கள். ரவுட்டரின் ஐபி எண்ணை மோடத்தின் எண்ணோடு மோதாதபடி மாற்றிவிட்டு, டிஎச்சிபியை (தானாக ஐபி எண் கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை WAN என்று எழுதிய துளையில் போடாமல் LAN என்று எழுதிய துளையில் போட வேண்டும். கேபிளில் எட்டு இழையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான்கு இழை மட்டும் உள்ளதை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

கேம் தம்பிக்கும் ஒரு கேபிள் இழுத்துக் கொடுத்துவிடுங்கள், பிங் பேச்சு பாதி குறையும். மீதி, விஸ்காம் தம்பி வீடியோ ஏற்றும்போது வருவது. அப்லோட் நிறைந்தால் எல்லோருக்கும் பிங் எகிறும். ஏற்றுவதை நள்ளிரவுக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

கரண்டுக்கு மோடத்துக்கென்றே மினி யூபிஎஸ் விற்கிறார்கள். உங்கள் மோடம் அடாப்டரில் 12 வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குத் தக்க வாங்குங்கள். வாங்குவதற்கு முன் அண்ணனிடம் கேளுங்கள், லைனை அனுப்பும் அவருடைய மெஷினுக்கு பேட்டரி இருக்கிறதா என்று. அங்கே இல்லை என்றால் உங்கள் மோடம் மட்டும் எரிந்துகொண்டிருக்கும், நெட் வராது. பராமரிப்பு நாளில் காலையில் இருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிற்கும், அதற்கு எந்த மினி யூபிஎஸ்ஸும் தாங்காது. அன்றைக்கு டவுனுக்குப் போய்விடுங்கள்.

மாப்ள_625:

அப்போ ஜியோ இல்லையா ப்ரோ?