மறு: ‘ரிவிஷன்’ என்பதற்கு என்ன சொல்? (அரசுப் புள்ளியியல் கலைச்சொற்கள்)

வணக்கம் நண்பர்களே, வெளியிட்ட புள்ளியியல் எண்ணைப் புதுத் தரவு வந்ததும் மாற்றி வெளியிடுவதை ஆங்கிலத்தில் ‘ரிவிஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘திருத்தம்’ என்றே இருக்கட்டும். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

விளக்காமலே புரிகிறது என்பதுதான் எனக்கு உதைக்கிறது. திருத்தம் என்றதும் ‘முதலில் தப்பு பண்ணியிருக்கிறார்கள்’ என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். காலாண்டு ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) எப்படி வெளியாகிறது என்று பாருங்கள். காலாண்டு முடிந்த சில வாரங்களிலேயே முதல் மதிப்பீட்டை வெளியிட்டாக வேண்டும். அப்போது கையில் இருப்பது பாதித் தரவுதான். மீதியைப் பழைய போக்கை வைத்து நிரப்புகிறார்கள். வரிக் கணக்குகளும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் பிறகு மெல்ல வந்து சேரும். அவை வர வர எண் மாறும். மாறாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். 2021 இறுதிக் காலாண்டில் அந்நாட்டுப் பொருளாதாரம் பெருந்தொற்றுக்கு முந்தைய நிலையைவிட 1.2% கீழே இருந்ததாகத்தான் கணக்கு. நிறுவனங்களின் செலவு, சரக்கிருப்பு பற்றிய முழுமையான விவரங்கள் வந்த பிறகு, 2023 செப்டம்பரில் அதே காலாண்டு 0.6% மேலே என்று ஆனது. இரண்டு எண்ணும் அந்தந்த நேரத்துத் தரவுக்கு நேர்மையானவையே.

இதற்கு நேர் எதிர், கிரீஸ். 2009 பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபியில் 3.7% என்று ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சொல்லியிருந்தார்கள். அக்டோபரில் அது 12.5% ஆனது, கடைசியில் 15 சதவீதத்தையும் தாண்டியது. எண்கள் வேண்டுமென்றே தவறாகத் தரப்பட்டதாக ஐரோப்பிய ஆணையத்தின் அறிக்கையே சொன்னது. 2010இல் புள்ளியியல் துறைத் தலைமைக்கு வந்து கணக்கைச் சரிசெய்த ஆந்த்ரேயாஸ் ஜியோர்ஜியு, அதற்காகவே பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார். பிரிட்டனில் நடந்ததும் கிரீஸில் நடந்ததும் தமிழில் ஒரே ‘திருத்தம்’ என்றால் நாளிதழ்க்காரர் எப்படிப் பிரித்து எழுதுவார்? எண்ணை மாற்றினாலே திட்டு விழும் என்றால், எந்தத் துறைதான் துணிந்து மாற்றும்?

> மறுகணிப்பு? மறுமதிப்பீடு? சீராக்கம்?

கணிப்பு என்றால் வரப்போவதைச் சொல்வது. வானிலையும் தேர்தலும்தான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு நடந்து முடிந்த காலாண்டைப் பற்றி. சீராக்கத்தைப் பருவகாலச் சீராக்கத்துக்கு (பண்டிகை, அறுவடை என்று ஆண்டுதோறும் வரும் ஏற்ற இறக்கத்தை எண்ணிலிருந்து நீக்குவது) ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மறுமதிப்பீடு நல்ல சொல்தான், ஆனால் அதைத் தேர்வுத் துறை எடுத்துக்கொண்டுவிட்டது. மார்க் போதவில்லை என்று ஒருவர் விண்ணப்பித்தால் நடப்பது அது. இங்கே யாரும் விண்ணப்பிப்பதில்லை, தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது.

‘செம்மையாக்கம்’ என்று ஒரு நண்பர் தனிமடலில் சொன்னார். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘வளர்ச்சி விகிதம் மேல்நோக்கிச் செம்மையாக்கப்பட்டது’ என்று ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கள்ளக் கணக்கு எழுதியது போலவே ஒலிக்கிறது!

என் வோட்டு ‘மீள்மதிப்பீடு’க்கு. ‘மேல்நோக்கி மீள்மதிப்பிடப்பட்டது’, ‘மீள்மதிப்பீட்டு அட்டவணை’, ‘மீள்மதிப்பீட்டுக் கொள்கை’ என்று எப்படி மடக்கினாலும் மடங்குகிறது. கூட்டலில் பிழை, கோப்பு மாறிப்போனது போன்றவற்றுக்குப் ‘பிழைத்திருத்தம்’ என்று முழுசாகவே எழுதுவோம், அரைகுறையாகத் ‘திருத்தம்’ வேண்டாம். கிரீஸ் விவகாரத்துக்குக் கலைச்சொல்லே தேவையில்லை, மோசடி என்றால் போதும்.

அடிப்படை ஆண்டை, அதாவது எந்த ஆண்டின் விலைகளையும் துறைகளின் பங்கையும் அளவுகோலாக வைத்துக் கணக்கிடுகிறார்களோ அந்த ஆண்டை, மாற்றுவதை இதில் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. நைஜீரியா 2014இல் அடிப்படை ஆண்டை 1990இலிருந்து 2010க்கு மாற்றியபோது ஜிடிபி 89% கூடியது. பழைய கணக்கில் செல்பேசித் துறைக்கும் திரைப்படத் துறைக்கும் சரியான இடமே இல்லை. அது புதுத் தரவு வந்து எண் நகர்வதல்ல, அளவுகோலே வேறு. ‘அடிப்படை ஆண்டு மாற்றம்’ என்று ஏற்கெனவே புழங்குகிறது, அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொன்று பாக்கி. ஒரே காலாண்டுக்கு முதலில் வந்த எண், மூன்று மாதம் கழித்து வந்தது, ஓராண்டு கழித்து வந்தது என்று எல்லாவற்றையும் அழிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் அட்டவணைகள் உண்டு. அதில் ஒவ்வொன்றையும் ‘வின்டேஜ்’ என்கிறார்கள், திராட்சை ரசம் எந்த ஆண்டு விளைச்சலில் செய்தது என்று குறிக்கும் சொல் அது. திராட்சை ரசத்தை விட்டுவிட்டுப் ‘பதிப்பு’ என்று சொல்லலாமா? முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று வரும். நூலோடு குழம்புமோ என்று ஒரு தயக்கம். அச்சுத் துறை நண்பர்கள் சொல்லட்டும்.