மறு: பயோஅவைலபிலிட்டி: ‘உயிர்க்கிடைப்பு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு பொருளின் மொத்த அளவில் உயிருக்குள் போகக்கூடிய பகுதியை ஆங்கிலத்தில் ‘பயோஅவைலபிலிட்டி’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்தப் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> மண்ணிலுள்ள காட்மியம் என்ற நச்சு உலோகத்தில் பயிர் எடுக்கக்கூடிய பகுதிக்கு ‘உயிர்க்கிடைப்பு’ என்றே போட்டுவிடலாம்.

மருந்தியலில் அந்தச் சொல் இருக்கட்டும். மாத்திரையில் உள்ள மருந்து உடலுக்குக் கிடைப்பது நல்லதுதான். மண் பரிசோதனையில் ‘கிட்டும் மணிச்சத்து’ (பயிர் எடுக்கக்கூடிய பாஸ்பரஸ்) என்பதும் அப்படியே. வேண்டிய பொருள், அது கிட்டுகிறது. நஞ்சு நெல்லுக்குக் ‘கிடைக்கிறது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஜப்பானின் தொயாமா பகுதியில் ஜின்சு ஆறு இருக்கிறது. அதன் மேற்பகுதியில் கமியோகா சுரங்கம். துத்தநாகமும் ஈயமும் எடுத்த கழிவு ஆற்றில் கலந்தது, ஆற்று நீர் வயலுக்குப் பாய்ந்தது, கழிவிலிருந்த காட்மியம் அரிசிக்குள் போனது. அதைப் பல ஆண்டுகள் உண்டவர்களுக்கு, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டது. இருமினாலே எலும்பு முறியும் நிலை வந்தது. ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று அவர்கள் கதறியதே நோய்க்குப் பெயராயிற்று: இதாய்-இதாய். 1968இல் ஜப்பான் அரசு காட்மியமே காரணம் என்று அறிவித்தது. இங்கே போய் ‘கிடைப்பு’ என்பதா?

நம் பேச்சில் பாம்பு கடித்தால் விஷம் ஏறுகிறது. நிலத்தில் உப்பு ஏறுகிறது. அந்த வினையையே எடுத்துக்கொண்டு ‘ஏறுபங்கு’ என்று சொல்லலாமே.

பங்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், மண்ணிலுள்ள மொத்தமும் பயிருக்குள் போவதில்லை. வயலில் தண்ணீர் நின்றால் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து, காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். நீரை வடித்துக் காயவிட்டால் அது பிரிந்து கரைந்து வேருக்குப் போகும். மண்ணில் புளிப்பு கூடினாலும் அப்படித்தான். மொத்த அளவு மாறவே இல்லை, ஏறுபங்குதான் மாறியது. இதை அறிந்துதான் ஜப்பானில் கதிர் வருவதற்கு முன் மூன்று வாரமும் பின் மூன்று வாரமும் வயலில் நீர் நிறுத்தச் சொல்கிறார்கள். ஆனால் ஆர்சனிக்குக்கு இது நேர்மாறு: நீர் நின்றால்தான் அதன் ஏறுபங்கு கூடும். ஒரு நஞ்சை அடக்கப் போனால் இன்னொன்று கிளம்புகிறது! மொத்த அளவையும் ஏறுபங்கையும் தனித்தனிச் சொல்லால் பிரிக்காவிட்டால் இந்தச் சிக்கலைத் தமிழில் விளக்கவே முடியாது.

—

ஐயா, விளக்கம் பிடித்திருக்கிறது. ஆனால் ‘ஏறு’ என்றால் காளை. ‘ஏற்றம்’ என்றால் நீர் இறைப்பது, மேன்மை என்றெல்லாம் பொருள் வருமே? அப்புறம், மண்ணிலிருந்து தானியத்துக்கு எவ்வளவு போகிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபர் ஃபாக்டருக்கு என்ன செய்வீர்கள்? ‘இடமாற்றக் காரணி’ என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள்.

—

அம்மா, ஏறுமுகம், ஏறுவெயில் என்கிறோம்; யாரும் காளையை நினைப்பதில்லை. ‘ஏற்றம்’ குழப்பும் என்பது சரி, அதைத் தனியாக நிறுத்த வேண்டாம். ‘ஏறுபங்கு’ வினைத்தொகை என்பதால் ஏறிய, ஏறுகிற, ஏறும் மூன்றுக்கும் இடம் தருகிறது. நேற்று ஏறியதையும் நாளை ஏறக்கூடியதையும் சேர்த்தே பேசுவதால் இந்தக் கருத்துக்கு அது நன்றாகவே பொருந்தும்.

‘இடமாற்றக் காரணி’ என்றால் எனக்கு அலுவலக இடமாற்றல்தான் நினைவுக்கு வருகிறது. தானியத்திலுள்ள அளவை மண்ணிலுள்ள மொத்த அளவால் வகுக்கிறோம், அவ்வளவுதானே? ‘ஏறுவிகிதம்’ போதும். “காட்மியத்தின் ஏறுவிகிதம் அதிகம், ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடுவதால் அதற்குக் குறைவு” என்று எழுதிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

ஓரிடத்தில் மட்டும் இது உதவாது. புகையிலும் தூசியிலும் வந்து இலைமேல் ஒட்டும் ஈயம் வேர் வழியாக ஏறியதல்ல. அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் ‘படிவு’ என்றே விட்டுவிடலாம்.