இயற்கை விவசாயத்துக்காக வாழ்ந்த நம்மாழ்வார் ஐயாவோடு பழகியவர்கள், பேச்சைக் கேட்டவர்கள் எழுதுங்கள்

திருவாரூர் பக்கம், நெல் விவசாயி

டிசம்பர் 30 நெருங்கினாலே எங்கள் டெல்டாவில் ஐயா பேச்சுதான். 2013-இல் அன்றைக்குத்தான் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் காலமானார். 75 வயது. டெல்டா நிலத்துக்கு அடியிலிருந்து மீத்தேன் எரிவாயு எடுக்கக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. நோயில் படுத்துப் போகவில்லை, வேலையில் இருக்கும்போதே போனார்.

அவர் கொள்கைகளைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. மனுஷனைப் பற்றி எழுதுவோம். நானே ஆரம்பிக்கிறேன்.

நான் முதலில் பார்த்தது ஒரு விவசாயிகள் கூட்டத்தில். பச்சைத் தலைப்பாகை, நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி, மேலுக்குச் சட்டை கிடையாது, தோளில் துண்டு. பேச்சு எங்கள் தஞ்சாவூர்ப் பேச்சு. ஆச்சரியமில்லை, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இளங்காட்டில் 1938-இல் பிறந்தவர்தானே. மேடையில் பேசியது குறைவு, கேட்டது அதிகம். முன்வரிசையில் இருந்த வயசான அம்மா ஒருவரிடம், சின்ன வயசில் என்னென்ன நெல் நட்டீர்கள் என்று விசாரித்தார். அந்த அம்மா முதலில் வெட்கப்பட்டார். அப்புறம் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குழியடிச்சான், கருங்குறுவை என்று அடுக்கினார் பாருங்கள்! எது வெள்ளத்தில் நிற்கும், எது உப்பு நிலத்துக்கு, பிள்ளை பெற்றவளுக்கு எந்தக் கஞ்சி, எல்லாம் வந்தது. ஐயா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டப்படிப்பு படித்த வேளாண் நிபுணர் ஒருவர், கையெழுத்துப் போடத் தெரியாத நடவுக்காரம்மா முன்னால் மாணவர் மாதிரி உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சனங்கள் அவரை அப்படி நேசித்ததற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். சொல்லிக்கொடுக்க வந்தவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம், எங்களிடம் கேட்டுக்கொள்ள வந்தவர் இவர் ஒருத்தர்தான்.

"அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு" என்ற பழமொழியை அவர் சொல்லாத கூட்டம் இருக்காது. அறுத்த தாளின் அடிக்கட்டை மண்ணுக்கு உரம், வைக்கோல் மாட்டுக்கு, கதிர் நமக்கு. குட்டை ரக நெல் வந்து வைக்கோல் குறைந்தது, அதனால் மாடு போனது, மாடு போனதும் எருவும் போய், கடையில் உர மூட்டை வாங்கும் நிலை வந்தது. ஐம்பது வருஷக் கதையை இப்படி வயலில் நின்றபடியே புரியவைத்துவிடுவார்.

கோவில்பட்டி

எங்கள் அப்பா வேளாண்மைத் துறையில் இருந்தவர். ஐயாவைப் பற்றி வீட்டில் அடிக்கடி பேசுவார். 1960-களில் எங்கள் ஊர் மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில்தான் ஐயா வேலை பார்த்தார். மானாவாரிக் கரிசலில் எவ்வளவு உரம் போடலாம், எத்தனை இடைவெளி விடலாம் என்று சோதனை நடக்கும். வேலிக்கு வெளியே இருக்கிற சம்சாரி, அதாவது விவசாயியிடம் அந்த உரத்தை வாங்கக் காசு கிடையாது, மழையும் நிச்சயமில்லை. அவனுக்கு உதவாத சோதனை எதற்கு என்று அரசு வேலையை விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய முடிவு என்று அப்பா சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அதற்கப்புறம் களக்காட்டில், அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய அமைப்பில் பத்து வருஷம் போல விவசாயிகளோடேயே இருந்தார்.

நாகப்பட்டினம் மாவட்டம், கடலோர ஊர்

அண்ணே, நான் சுனாமி சமயத்தைச் சொல்றேன். 2004 டிசம்பர்ல கடல் தண்ணி வயலுக்குள்ள ஏறி, வடிஞ்சப்புறம் கரும்சேறா படிஞ்சு கிடந்துச்சு. காஞ்சா வெள்ளையா உப்புப் பூக்கும். இந்த மண்ணுல இனி பல வருஷத்துக்கு ஒண்ணும் விளையாதுன்னு சொல்லிட்டாங்க. எங்க மாமனார் வயப்பக்கம் போறதையே விட்டுட்டாரு.

அப்பதான் ஐயாவும் அவரோட சேந்து வேலை செஞ்ச பிள்ளைகளும் இந்தப் பக்கம் வந்தாங்க. சேத்தை வழிச்சு, மழைத்தண்ணியத் தேக்கி வடிச்சு, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைச்சு, வளந்ததும் மடக்கி உழச் சொன்னாங்க. தக்கைப்பூண்டு உப்புல கூட மொளைக்கும்ல. வரப்புல நின்னு சொல்லிட்டுப் போற ஆள் இல்ல அவரு, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு உள்ள எறங்கிருவாரு. எங்க மாமனாரும் எறங்கினாரு. அதுக்கப்புறம் அவரை வயல்லேருந்து வீட்டுக்குக் கூப்பிடுறதே பெரும்பாடு. நிலம் திரும்ப வெளைஞ்சது பெருசுதான். எங்களுக்கு அதைவிடப் பெருசு, எங்க மாமனார் எழுந்து நடமாடினது.

கோயம்புத்தூர்

ஐயா தொடங்கிய வானகம் பண்ணையில் பயிற்சி எடுத்தவன். கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் சுருமான்பட்டி. கல்லும் முள்ளுமான காய்ந்த நிலம் அது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு இப்படி ஓர் இடத்தை எடுத்துக் காடாக்க நினைத்தாரே, அதை இன்றும் நினைத்து நினைத்து வியக்கிறேன். காலையில் மண்வெட்டியோடு எல்லாரும் வரப்பு எடுக்கவும் குழி வெட்டவும் போவோம், எங்களுக்கு முன்னால் அவர் அங்கே நிற்பார்.

எனக்கு இன்றும் பயன்படுவது பலதானிய விதைப்பு. தானியம், பயறு, எண்ணெய் வித்து, நறுமணப் பயிர், பசுந்தாள் உரப்பயிர் ஒவ்வொன்றிலும் நான்கு வகை. ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ கலந்து விதைத்து, பூ எடுக்கும்போது, ஏறக்குறைய 50 நாளில், மடக்கி உழ வேண்டும். நிலத்தின் மேல் இலைதழை பரப்பி மூடாக்கு போட்டு வெயில் படாமல் காக்க வேண்டும். சாணம், கோமியம், வெல்லம் கரைத்து ஒரு நாள் வைத்தால் அமுதக்கரைசல், பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துத் தெளிக்கலாம். எங்கள் தோட்டத்தில் இப்போது மண்ணைக் கிளறினால் மண்புழு கிடைக்கிறது. அவர் அடக்கமான இடமும் வானகம்தான். பயிற்சிக்கு வருகிறவர்கள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள்.

காட்டுமன்னார்கோயில்

எனக்கு நேரில் பழக்கமில்லை. என் பாட்டன் நட்ட காட்டுயானத்தைத் திரும்ப நட ஆசை. ஆள் மறைக்கும் உயரம் வளரும் என்பார்கள். விதை எங்கே கிடைக்கும்?

திருவாரூர் பக்கம், நெல் விவசாயி

தம்பி, திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தினார். ஐயா காட்டிய வழியில் வந்தவர், 2018-இல் அவரும் நம்மை விட்டுப் போய்விட்டார். அங்கே இரண்டு கிலோ விதை வாங்கினால், மறு வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். என்னிடம் இருப்பதும் அப்படி வந்த காட்டுயானம்தான். உங்கள் நிலம் பள்ளமா மேடா என்று சொல்லுங்கள், பள்ளம் என்றால் நன்றாக வரும். ஆடிக்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, இரண்டு கிலோ எடுத்து வைக்கிறேன்.