பழைய புல எண்ணிலும் வில்லங்கச் சான்று (ஈசி) போட்டுப் பார்த்தீர்களா? (நிலம் வாங்கப் போன அனுபவங்கள்)

கொடிக்கால்:
அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கொடுத்தாகிவிட்டது. திண்டுக்கல் பக்கம் 31 சென்ட், கிணற்றில் பாதிப் பங்கு. பட்டாவை ஆன்லைனில் நானே எடுத்தேன். விற்கிறவர் பெயர், 0.12.50 ஹெக்டேர், கணக்கு சரி. 214/3பி என்ற புல எண்ணுக்கு 1975 முதல் ஈசி போட்டதில் ஒரு கடன், அதை அடைத்த ரசீது, அவ்வளவுதான்.

கிரயத்துக்கு முதல் நாள் பத்திர எழுத்தர் கடையில் உட்கார்ந்திருந்தோம். எழுதிக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, “இந்த பி எப்ப வந்தது தம்பி?” என்றார். உட்பிரிவு ஆனது 2011-ல். “அப்ப அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் வெறும் 214/3-லதானே இருக்கும்?”

போனிலேயே பழைய எண்ணைப் போட்டேன். ஏழாவது பதிவு: 1996, தான செட்டில்மென்ட். எழுதிக்கொடுத்தவர் அப்பா, பெற்றவர் மகள். நான்கெல்லையும் அதே. விற்கிறவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் படிக்கக்கூட இல்லை. “அது அப்பா சும்மா எழுதி வெச்சது, அக்கா கேக்க மாட்டா.” அக்கா வீடு அடுத்த தெருவில்.

நான் விலகிவிட்டேன். பணம் மூன்று தவணையில் திரும்பி வந்தது. போன வாரம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். புதுக் கல்லுக்கால், புதுக் கம்பி வேலி. அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை.

மேலத்தெரு:
எங்களுக்கு பட்டாவில் நடந்தது. பட்டா, நிலத்தை விற்ற அண்ணன் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தது, நாங்களும் நம்பிக் கிரயம் முடித்துவிட்டோம். அளக்க வந்த அன்று வயதான ஒரு அம்மா வரப்பில் நடந்து வந்து சர்வேயர் சங்கிலி மேல் காலை வைத்து நின்றார். செருப்பில்லாத கால். “எங்கப்பா கிணறு வெட்டின நிலம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா சாமி?” என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார். அப்பா சொந்தமாகச் சம்பாதித்த நிலம், உயில் கிடையாது. 1956 சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு. வாரிசுச் சான்றை நாங்கள் கேட்கவே இல்லை. பிறகு அந்த அம்மாவுக்குத் தனியாகப் பணம் கொடுத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கினோம். அந்தக் கால் மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பழைய கணக்குப்பிள்ளை:
கொடிக்கால் சொல்வதைப் பார்த்து, இரண்டு எண்ணிலும் ஈசி போட்டால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மைத்துனர் வாங்கிய வீட்டில் ஈசி முழுச் சுத்தம். மூலப்பத்திரம் ஒரு அடகுக்காரரிடம் இருந்தது. பதிவு செய்யாமல் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கினால் ஈசியில் எப்படி வரும்? பதிவு செய்யாத உயிலும் அப்படித்தான். மூலப்பத்திரத்தை அசலாகக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். 1975-க்கு முந்தைய வில்லங்கத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடுங்கள். வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு பாருங்கள். கோயில் நிலமும் அரசு நிலமும் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி உரிய அனுமதி இல்லாமல் பதிவாகாது. அனுமதி பெறாத மனை என்றால் 20.10.2016-க்கு முன் அந்த லேஅவுட்டில் மனை விற்றிருக்கிறதா, வரன்முறை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். விற்கிறவர் பெயரைப் போட்டு நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு இருக்கிறதா என்றும் தேடுங்கள். பட்டா வரி கட்டுகிறவர் யார் என்று சொல்லும். உரிமையைச் சொல்வது பத்திரம்தான். முப்பது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

வாய்க்கால்கரை:
ஐயா, அவர் ஆலோசனை கேட்கவில்லை, தூக்கம் வரவில்லை என்கிறார்.

நான் புல வரைபடத்தைக் கோட்டை விட்டவன். எடுத்துப் பார்த்தேன், மனைக்கு நடுவே மெல்லிய இரட்டைக் கோடு ஓடியது. வண்டிப்பாதை என்று புரோக்கர் சொன்னார், சரி என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் கேட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், அதே கோட்டில் நேராக ஓடியது. மறுநாள் அ-பதிவேட்டைத் திறந்தால் ‘ஓடை’.

கொடிக்கால், வேலி போட்டவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த அக்காவிடமும்.

கொடிக்கால்:
இன்று காலை மறுபடி ஈசி போட்டேன். 214/3பி-யில் போன மாதம் ஒரு கிரயம் பதிவாகியிருக்கிறது. வாங்கியவர் பெயர் இருக்கிறது, ஊரில் விசாரித்தால் வீடு தெரிந்துவிடும். 1996 பத்திரத்துக்கு நகல் மனு போட்டிருக்கிறேன். கைக்கு வந்ததும், முதலில் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.