வாசிப்புக் குழுவின் முதல் புத்தகம்: உங்கள் குழுவில் என்ன நடந்தது?

குற்றாலச்சாரல்:

பொன்னியின் செல்வன்தான் என்று முடிவாகிவிட்டது. பழைய கல்லூரி நண்பர்கள், வாட்ஸ்அப் குழு, ஞாயிறு இரவு கூகுள் மீட். உங்களில் பலர் இதே வழியில்தான் தொடங்கியிருப்பீர்கள், விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. படம் வெளிவந்த 2022ஆம் ஆண்டு வேறு. ஐந்து பாகங்களையும் சேர்த்து வாங்கினால் எங்கே தள்ளுபடி என்று ஒருவர் விலைப்பட்டியல் போட்டார். மணியம் வரைந்த ஓவியங்களோடு உள்ள பதிப்புதான் வேண்டும் என்று இன்னொருவர் பிடிவாதம் பிடித்தார். குழு களைகட்டிவிட்டது.

நடுவில் ஷார்ஜாவில் லாரி ஓட்டும் நண்பன் ஒரு வரி எழுதினான்: "நீங்கள் படியுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்."

அந்த வரிக்கு மேலும் கீழும் பதிப்புகளைப் பற்றிய செய்திகள் ஓடிக்கொண்டே இருந்தன. எங்கள் வகுப்பிலேயே அதிகம் படித்தவன் அவன். விடுதியில் விளக்கை அணைத்த பிறகு மாடிப்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து படிப்பான். இப்படி ஒரு குழு வேண்டும் என்று பல ஆண்டுகளாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தவனும் அவனே. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை, இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, கைப்பேசியில் படித்துவிடு என்று தனியாகச் சொன்னேன். "பகல் முழுவதும் வெயிலில் சாலையையே பார்த்த கண்ணடா. அறைக்கு வந்து இரண்டாயிரம் பக்கத்தைக் கையகலத் திரையில் படிக்க முடியாது" என்றான். முதல் கூட்டத்துக்கு வந்து ஒன்றும் பேசாமல் கேட்டான். அதற்குப் பிறகு வரவில்லை.

யாரும் அவனை விலக்கவில்லை. புத்தகத்தின் அளவே அவனை வெளியே நிறுத்திவிட்டது. உங்கள் குழுக்களில் முதல் புத்தகம் எப்படி முடிவாயிற்று என்று எழுதுங்கள்.

பல்லாவரத்து வாசகி:

சாரல், படித்ததும் மனம் கனத்துவிட்டது. எங்கள் அனுபவம் நேர் எதிரானது.

2020 ஊரடங்கு. அடுக்குமாடிக் குடியிருப்பின் பெண்கள் மட்டும். பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு கதைப்புத்தகம் தொட்டதில்லை. சிறியதாக ஒன்று என்பதுதான் ஒரே நிபந்தனை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' என்று யாரோ சொல்ல, யாருக்கும் மாற்று யோசனை இல்லாததால் அதுவே ஆயிற்று. முந்தைய கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, நாங்கள் எல்லோரும் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தவர்கள். புத்தகத்தைத் திறந்த உடனே எல்லோருக்கும் பேச விஷயம் இருந்தது. குடம், வரிசை, நள்ளிரவில் அடிக்குழாய், பக்கத்து வீட்டோடு சண்டை என்று பேசிப் பேசிக் கூட்டம் முடியப்போகிறது.

மூன்றாவது மாடி மாமி அதுவரை வாயே திறக்கவில்லை. மகள் கட்டாயப்படுத்தி உட்கார வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தோம். திடீரென்று, "நீங்கள் எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். டீச்சரம்மா தன் கல்யாணத்தைப் பற்றி ஜமுனாவிடம் சொல்கிறாளே, அதை ஒருவரும் படிக்கவில்லையா?" என்றார். குரல் நடுங்கியது. "எனக்கும் அந்த வயதில்தான் கல்யாணம்" என்று சொல்லிவிட்டு ஒலியை அணைத்துவிட்டார். முகம் மட்டும் திரையில் இருந்தது. நாங்கள் யாரும் பேசவில்லை. பேசவும் தோன்றவில்லை.

தினமும் மின்தூக்கியில் பார்த்து வணக்கம் சொன்னவர். அந்த நாவல் இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தை நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம்.

மேலச்சித்திரை:

பல்லாவரத்து அக்கா சொன்னதை வைத்துச் சிறிய புத்தகம் என்றால் பாதுகாப்பானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் நாவல்கூட வேண்டாம், ஒரே ஒரு சிறுகதை என்று தொடங்கினோம். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. அலுவலக நண்பர்கள், அவர்கள் அழைத்து வந்த நண்பர்கள் என்று பாதிப் பேருக்குப் பாதிப் பேரைத் தெரியாது.

கதையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பட்டணத்து ஜவுளிக்கடையில் வேலை, நோயாளி மனைவி, சாவு. அதில் பிரமநாயகம் பிள்ளைக்கு மனைவி மேல் இருப்பது அன்பா, பழக்கமா என்று ஒருவர் ஆரம்பித்தார். விவாதம் சூடு பிடித்தது. அன்பு என்றால் ஏன் அழவில்லை, மரத்துப்போன மனிதன் என்று ஒரு கட்சி. வறுமையில் அழுவதற்கு நேரம் ஏது என்று மறு கட்சி.

கேமராவை அணைத்து வைத்திருந்த ஒருவர் அப்போது பேசினார். "அவள் உடலுக்குப் பக்கத்தில் பிரமநாயகம் பிள்ளை தனியாக இருக்கும் முதல் பகுதியை யாராவது ஒரு தடவை வாசியுங்களேன்." யாரோ வாசித்தார்கள். முடிந்ததும் அவர் சொன்னார்: "மரத்துப்போனவன் இல்லை. இப்படித்தான் இருக்கும். போன வருடம் நானும் இப்படித்தான் இருந்தேன்."

அழைத்து வந்த நண்பருக்குக்கூட அவர் மனைவி இறந்தது தெரியாது. மரத்துப்போன மனிதன் என்று சொன்ன பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அவரே அவளைச் சமாதானப்படுத்தினார். அறிமுகமில்லாதவர்கள் கூடும் குழுவில் சாவைப் பேசும் கதையை முதலில் வைக்கவே கூடாது என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். அவர் இன்றும் தவறாமல் வருகிறார். அதனாலேயே என் எண்ணம் சரியா என்ற கேள்வியும் போகமாட்டேன் என்கிறது.

முத்துநகர் நூலகர் (பணி ஓய்வு):

சாரல் தம்பி, உங்கள் நண்பர் வராமல் போனதற்குப் புத்தகத்தைக் குறை சொல்லக் கூடாது. தேர்ந்தெடுத்த முறையைத்தான் பார்க்க வேண்டும்.

என் கதை சிறியது. எங்கள் வாசகர் வட்டத்தில் இருந்து வெளியூர் போன பிள்ளைகள் இணையத்தில் கூடினார்கள். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' படிக்கலாம் என்றேன், தூத்துக்குடி உப்பளத்து நாவல். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தாள். பக்கத்தில் அவள் ஆச்சி, அளத்தில் வேலை செய்து பாதம் வெடித்துப்போனவர். நாவலின் நாயகி பொன்னாச்சியைப் பற்றி நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டுத் திரைக்கு அருகில் வந்து, "அந்தப் பிள்ளைக்குக் கூலியைச் சரியாகக் கொடுத்தார்களா?" என்று கேட்டார். கதை என்று அந்தப் பேத்தி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இனி முறைக்கு வருகிறேன், குழு தொடங்குகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். யார் ஒரு புத்தகத்தை முன்மொழிகிறாரோ அவர் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். நல்ல புத்தகம் என்று கேள்விப்பட்டேன் என்பவர்களின் பரிந்துரையால்தான் பாதிக் குழுக்கள் முதல் மாதத்திலேயே கலைகின்றன. இருநூறு பக்கத்துக்குள் இருக்கட்டும். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை', கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', பூமணியின் 'வெக்கை' எல்லாம் பெரும் புத்தகங்கள் இல்லை, ஆனால் பேசித் தீராது. அடுத்து, எல்லோருடைய கைக்கும் எட்டுமா என்று பாருங்கள். அச்சில் இல்லாத நூலை முன்மொழிந்துவிட்டுப் புகைப்பட நகலைச் சுற்றுக்கு விடுவது எழுத்தாளருக்குச் செய்யும் துரோகம். நாட்டுடைமையான நூல்கள் எத்தனையோ இருக்கின்றன, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தேடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். உட்கார்ந்து படிக்கக் காசு வேண்டாம்.

வாக்கெடுப்பைக் குழுவில் எல்லோரும் பார்க்க நடத்தாதீர்கள். முதலில் விழும் நான்கு கட்டைவிரல்களைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வாக்களிக்கிறார்கள். ஒருவரிடம் தனிச்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். பிடித்தது எது என்பதோடு, என்னால் படிக்கவே முடியாதது எது என்றும் கேளுங்கள். உங்கள் ஷார்ஜா நண்பர் அந்த இடத்தில் தன் சிரமத்தை எழுதியிருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் புத்தகத்தை மட்டும் முடிவு செய்து நிறுத்தாதீர்கள், இரண்டாவதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். தோற்றவருடைய புத்தகம் அடுத்த மாதம் வரும் என்று தெரிந்தால் அவர் இந்த மாதமும் வருவார்.

சோழவந்தான் மாணவி:

நூலகர் ஐயாவை மதிக்கிறேன், ஆனால் இருநூறு பக்கக் கணக்கை ஒப்புக்கொள்ள முடியாது.

பொன்னியின் செல்வன் ஒரே மூச்சில் படிப்பதற்காக எழுதப்பட்டது அல்ல. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரம் வாரம் வந்த தொடர். ஒவ்வொரு அத்தியாயமும் சிறியது, முடியும் இடத்தில் அடுத்ததை எதிர்பார்க்க வைப்பது. நாங்கள் கல்லூரித் தோழிகள் அதையேதான் முதலில் எடுத்தோம். யாரும் தனியாகப் படிக்கக் கூடாது, கூட்டத்தில் மாறி மாறி உரக்க வாசிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நேரமாகிவிட்டால் அத்தியாய முடிவில் நிறுத்திவிடுவோம். சாரல் அண்ணாவின் நண்பர் கேட்டுக்கொள்கிறேன் என்றுதானே சொன்னார்? எங்கள் குழுவில் இருந்திருந்தால் அவருக்குக் குறையே இருந்திருக்காது.

எங்களில் ஒருத்தி மும்பையில் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவள் முறை வந்தபோது வேண்டாம் என்றாள். நாங்கள் காத்திருந்தோம். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் தொடக்கம். ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். 'வீரநாராயண ஏரி' என்று முழுதாகச் சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது எங்களுக்குக் கேட்டது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, திருத்தவில்லை. அரைப்பக்கத்துக்கே வெகுநேரம் ஆயிற்று. பின்னணியில் அவள் அப்பா அறைக்குள் வந்து நின்றதைப் பார்த்தோம், அவள் பார்க்கவில்லை. அவர் அப்படியே நின்று கேட்டுவிட்டு ஓசையில்லாமல் வெளியே போனார்.

சிறிய நவீன நாவல் ஒன்றை மௌனமாகப் படித்து வா என்று சொல்லியிருந்தால் அவள் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடியிருப்பாள்.

வடமராட்சி:

நான் டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். இவ்வளவு நேரம் வாசித்தேன். இந்தப் பக்கம் முழுவதும் வந்த பெயர்களைப் பாருங்கள். எல்லாமே தமிழ்நாடு.

எங்கள் குழுவில் இந்தியாவில் இருந்து வந்தவர்களும் இலங்கையில் இருந்து வந்தவர்களும் கலந்திருந்தோம். நான் கே. டானியலின் 'பஞ்சமர்' சொன்னேன். 1972இல் வந்த நாவல். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்டவர்கள் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைய முடியாமல் இருந்ததையும் அதற்கு எதிராக எழுந்ததையும் சொல்வது. இந்திய நண்பர் ஒருவர் மிகவும் கனிவாகத்தான் சொன்னார்: "முதல் புத்தகம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும், ஈழத்தமிழைப் பிறகு ஒரு தரம் பார்க்கலாம்."

எனக்கு வலித்தது அது அல்ல. எங்கள் ஊர்க்காரர் ஒருவர், என்னைவிட வயதில் மூத்தவர், உடனே ஆமோதித்தார். "ஓம், அந்தப் பழைய சாதிக் கதை இப்போது எதற்கு?" அந்த இடத்தில் நான் ஒலியை அணைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வேறொரு புத்தகம் முடிவாகியிருந்தது.

நூலகர் ஐயா, அளவு, விலை, வாக்கு எல்லாம் சொன்னீர்கள். எது எல்லோருக்கும் பொதுவான புத்தகம் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை. நாங்கள் சிறுவயதிலேயே கல்கியும் ஜானகிராமனும் படித்து வளர்ந்தவர்கள். தஞ்சாவூரும் கும்பகோணமும் எங்களுக்குப் பொதுவாக இருக்கலாம், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை உங்களுக்குப் பொதுவாகாதா?

முத்துநகர் நூலகர் (பணி ஓய்வு):

வடமராட்சி அம்மா, கேட்க வேண்டிய கேள்வி. என் பட்டியலில் ஓர் ஈழத்து நூல்கூட இல்லை என்பதை நீங்கள் சொன்ன பிறகுதான் பார்க்கிறேன். அங்குள்ள நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் இணையத்தில் சேகரித்துவரும் 'நூலகம்' தளத்தைப் பற்றியும் மதுரைத் திட்டத்தோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வழக்குச் சொற்கள் புரியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். நெல்லைக்காரனான நான் கரிசல் காட்டுத் தமிழையும், நாஞ்சில் நாட்டுத் தமிழையும், தோப்பில் முகமது மீரானின் கடற்கரைத் தமிழையும் படித்துத்தான் பழகினேன். பத்துப் பக்கம் தாண்டினால் காது பழகிவிடும்.

மேலச்சித்திரை:

மாணவி, உரக்க வாசிப்பது நல்ல யோசனை, எங்கள் குழுவில் இந்த மாதமே செய்யப் போகிறோம். ஆனால் ஐயா சொன்ன தனிச்செய்தி வாக்கெடுப்பு வடமராட்சி அக்காவின் சிக்கலைத் தீர்க்காது. இரகசியமாக வாக்களித்தாலும் 'பஞ்சமர்' தோற்றுத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே பெரும்பான்மை யார் என்பது முன்பே தெரியும். முதல் புத்தகத்துக்கு வாக்கே வேண்டாம் என்கிறேன். குழுவில் யார் குறைவாகப் பேசுகிறாரோ அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் படியுங்கள்.

பல்லாவரத்து வாசகி:

குறைவாகப் பேசுகிறவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் அவர் குழுவைவிட்டே ஓடிவிடுவார். எங்கள் மாமியிடம் கேட்டிருந்தால் நிச்சயம் ஓடியிருப்பார். வடமராட்சி, பஞ்சமர் எந்தப் பதிப்பகத்தில் இப்போது கிடைக்கிறது என்று தெரிந்தால் எழுதுங்கள். எங்கள் குடியிருப்புக் குழுவில் அடுத்த புத்தகம் இன்னும் முடிவாகவில்லை. புதன்கிழமை கூடுகிறோம், நான் முன்மொழிகிறேன்.