ரியாக்ட் பக்கம் போன்ல தொங்குது. வியூவா ஸ்வெல்ட்டா? அவசரம்

மண்டிக்காரன்_மருமகன்:
கிருஷ்ணகிரில மாமா மாங்கா மண்டிக்கு லாட் பதியற பக்கம் ரியாக்ட்ல (வெப் பக்கம் கட்டற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) எழுதினேன். என் லேப்டாப்ல பறக்குது. மாமா போன்ல தேடற பெட்டில 'செந்தூரா'ன்னு அடிச்சா, 'செ' வந்து ஒரு பெருமூச்சு விட்டப்புறம்தான் அடுத்த எழுத்து வருது. நாளைக்கு லோடு இறங்குது. இதே வேலைக்கு இருக்கற வேற ஃபிரேம்வொர்க்கான வியூ, ஸ்வெல்ட், சாலிட்ல எது வேகம்? சீக்கிரம் சொல்லுங்க ப்ரோ.

காவேரிப்பட்டணம்_07:
எத்தனை வரி? என்ன போன்? ரியாக்ட் எந்த வெர்ஷன்?

ஸ்வெல்ட்_பித்தன்:
யோசிக்காம ஸ்வெல்ட். விர்ச்சுவல் டாமே (பக்கத்தோட நகலை மெமரில வச்சு ஒப்பிடறது) கிடையாது, கம்பைல் ஆகும்போதே வேலை முடிஞ்சிடும். 1000 வரி போட்டு அளக்கற பெஞ்ச்மார்க்ல ஸ்வெல்ட், சாலிட் ரெண்டுமே ரியாக்ட்டை முந்துது.

பழைய_ஜேக்வெரி:
ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அளந்து பாக்காம ஃபிரேம்வொர்க் மாத்தறது இப்ப பேஷன் ஆயிடுச்சு. குரோம்ல பெர்ஃபாமன்ஸ் டேப் திறந்து சிபியூவை 6 மடங்கு மெதுவாக்கி ரெகார்ட் பண்ணியா தம்பி? இல்லைன்னா ஏன் கேக்கறே? இதே கேள்வி இங்க மாசம் ரெண்டு வருது.

மண்டிக்காரன்_மருமகன்:
ரெகார்ட் எல்லாம் பண்ணலண்ணா. ரியாக்ட் 18. போன் 3 ஜிபி ரேம். 1800 வரி, 9 காலம், ஒவ்வொரு வரிலயும் எடை போடற பெட்டி. ஆங், இன்னொண்ணு. ரேட் வாரியா அடுக்கினா மேல் லாட்ல போட்ட எடை கீழ் லாட்ல நிக்குது. அது சின்ன பிரச்சினை, அப்புறம் பாத்துக்கலாம்.

காவேரிப்பட்டணம்_07:
16,200 கட்டம்! எந்த ஃபிரேம்வொர்க் போட்டாலும் அத்தனையும் வரைஞ்சு அடுக்கற வேலை பிரவுசருக்குத்தான். திரையில தெரியற 20, 30 வரியை மட்டும் வரைங்க. ரியாக்ட்-விண்டோ லைப்ரரி அதுக்குத்தான் இருக்கு. தேடற சொல்லை யூஸ்டிஃபர்ட்வேல்யூல (அவசரமில்லாத வேலையைத் தள்ளிப்போடற ரியாக்ட் வசதி) விட்டா எழுத்து உடனே விழும், பட்டியல் பின்னாடி மெதுவா வரும்.

ஓசூர்_இரவுப்பணி:
மாமா போன்ல எப்படித் திறக்கறீங்க? லிங்க் எங்க இருக்கு?

மண்டிக்காரன்_மருமகன்:
வைஃபைல என் லேப்டாப் ஐபி போட்டுத்தான். என்பிஎம் ரன் டெவ்னு கமாண்ட் குடுத்து டெவலப்மென்ட் மோட்ல ஓட்டறேன்.

ஓசூர்_இரவுப்பணி:
அட! டெவ் மோட்ல எச்சரிக்கை சோதனை எல்லாம் சேந்து ஓடும். ஸ்ட்ரிக்ட்மோட் (தப்பு பிடிக்கற ரியாக்ட் அமைப்பு) இருந்தா ஒவ்வொரு காம்பொனென்ட்டும் ரெண்டு தடவை ரெண்டர் ஆகும். பில்டு (பயனருக்குக் குடுக்கற இறுதி வடிவம்) போட்டுட்டு அப்புறம் பேசுங்க. அதுக்கு முன்னாடி எதோட எதை ஒப்பிட்டாலும் கணக்கே தப்பு.

ஸ்வெல்ட்_பித்தன்:
பில்டு போட்டாலும் ரியாக்ட்-டாம் (ரியாக்ட்டை பிரவுசர் பக்கத்தோட இணைக்கற பகுதி) சுமை போகாதே?

பழைய_ஜேக்வெரி:
அழுத்தினதும் திரை மாற 200 மில்லி செகண்டுக்குள்ள இருந்தா நல்லதுன்னு கூகுளே ஐஎன்பிக்கு (அழுத்தினா பக்கம் எவ்வளவு சீக்கிரம் பதில் தருதுங்கற கணக்கு) அளவு வச்சிருக்கு. அதுக்குள்ள வந்துட்டா மண்டில யாரு ரியாக்ட்டா ஸ்வெல்ட்டான்னு கேக்கப் போறாங்க?

தொப்பூர்_லாரி:
குறுக்க பேசறேன். தேடற பெட்டில 'பெங்களூரா'ன்னு அடிச்சா தோதாபுரி மாங்கா வருமா? எங்க பக்கம் கிளிமூக்குன்னுதான் சொல்லுவோம்.

காவேரிப்பட்டணம்_07:
தோதாபுரின்னே போடுங்க, கூழ் ஃபேக்டரிக்காரங்க அப்படித்தான் எழுதுவாங்க.

தொப்பூர்_லாரி:
ஃபேக்டரிக்காரனா மண்டில நின்னு தேடப் போறான்? எங்கப்பா 30 வருஷமா பெங்களூரான்னுதான் சீட்டு எழுதறாரு.

பழைய_ஜேக்வெரி:
மூணு பெயரையும் ஒரே ஐடிக்குக் கட்டுங்கப்பா. இதுக்கு ஒரு சண்டையா!

ஓசூர்_இரவுப்பணி:
ஐடின்னதும்தான் உறைக்குது. தம்பி, எடை இடம் மாறுதுன்னு சொன்னீங்களே, வரிகளை வரையற மேப்ல ஒவ்வொரு வரிக்கும் அடையாளமா கீ என்ன குடுத்திருக்கீங்க? இண்டெக்ஸா, அதாவது வரிசை எண்ணா? அப்படின்னா வரி மேல கீழ போனாலும் பெட்டி அதே இடத்துலயே நிக்கும், உள்ள அடிச்ச எடையும் நகராது. லாட் ஐடியைக் கீயாக் குடுங்க. இது சின்ன பிரச்சினை இல்ல, வேகத்தைவிட இதுதான் ஆபத்து.

மண்டிக்காரன்_மருமகன்:
பில்டு போட்டேன், 50 வரிதான் காட்டறேன். எழுத்து உடனே வருது. ஃபிரேம்வொர்க் மாத்தல. லோடு வந்துடுச்சு, நன்றிண்ணா எல்லாருக்கும்.

ஓசூர்_இரவுப்பணி:
கீ மாத்துனீங்களா?

ஓசூர்_இரவுப்பணி:
தம்பி? அடுக்கறதுக்கு முன்னாடி எடை போடாதீங்க.

தொப்பூர்_லாரி:
சரி, கிளிமூக்கு சேத்தாரா இல்லையா?